செக்குபந்தி புரியாத பத்திரம்

பயாப்ஸி அறிக்கை எழுதும் நோயியல் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை

மதிப்பிற்குரிய டாக்டர் பெருமக்களே,

வைத்திய சாஸ்திரத்தின் வாசற்படியைக்கூட மிதித்தறியாத ஒருவன், முன்பின் அறிமுகமில்லாத தங்களுக்கு இவ்வளவு நீண்ட கடிதம் எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்தருள வேண்டும். இந்த ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூல்களும் போட்டுக்கொண்டு, நாற்பது வருஷ காலம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பத்திரம் எழுதுவது எங்கள் தொழிலில் பாதிதான். மற்றவர்களுடைய காகிதங்களைப் படித்துச் சொல்வது மறுபாதி. கலசபாக்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் ஜவ்வாது மலைக் குக்கிராமங்களிலிருந்தும் வரும் ஜனங்கள், கோர்ட்டு நோட்டீஸோ பாங்கிக் கடிதமோ, அச்சடித்த எழுத்து எதுவானாலும், ‘கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா’ என்று எங்களிடந்தான் நீட்டுவார்கள். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றும் என் வீட்டுத் திண்ணை ஓய்வு பெறவில்லை. சில வருஷங்களாக அந்தத் திண்ணைக்குப் புதிதாக ஒரு காகிதம் வரத் தொடங்கியிருக்கிறது. ஜனங்கள் அதைச் ‘சதை டெஸ்ட்டு ரிப்போர்ட்’ என்கிறார்கள். தாங்கள் எழுதும் காகிதம் அது.

மூன்று வருஷங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம், கலசபாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் தம் மகனையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வந்தார். தம் பேரிலுள்ள ஒன்றரை ஏக்கர் புஞ்சையையும் கிணற்றுப் பாத்தியதையையும் பிள்ளைகளுக்குப் பிரித்துத் தானசெட்டில்மெண்ட் எழுத வேண்டுமென்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டிச் சொற்ப காலமே ஆன மனிதருக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். நாக்கின் ஓரத்தில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதந்தான் ஆகியிருந்தபடியால் அவர் பேசவில்லை. மைத்துனர்தான் மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, ‘மூணாவது ஸ்டேஜாம் ஐயா. இதுக்கு மேல வைத்தியம் பாக்கறேன்னு நிலத்தைக் கரைக்க வேணாம்னு மாமா சொல்லிட்டாரு’ என்றார். பத்தாவது வரை படித்த மகன் எழுத்துக் கூட்டிப் படித்துக் கண்டுபிடித்தது அது. நானும் பார்த்தேன், ‘கிரேடு 3’ என்று தெளிவாகவே இருந்தது. என் அறியாமையை மறைக்க விரும்பவில்லை, டாக்டர்களே. மூன்று என்றால் மூன்றாவது கட்டம் என்றே நானும் எண்ணி, ‘பூரண ஞாபக சக்தியுடனும் சுய சம்மதத்துடனும்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் நகல் எழுதிவிட்டேன்.

செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாற்புற எல்லை, எழுதும் இடத்துக்கு வந்தபோதுதான், எந்தக் காகிதத்தையும் பாதியில் விடாத தொழிற் பழக்கத்தினால், அந்த ரிப்போர்ட்டின் மற்ற வரிகளிலும் கண்ணை ஓட்டினேன். ‘மார்ஜின்ஸ் ஃப்ரீ’ என்று ஒரு வரி, ‘0/22’ என்று ஒரு கணக்கு, கடைசியில் ‘பி.டி. 1, என். 0’ என்று ஒரு குறி. மூன்றாவது கட்டம் என்றால் ஒன்றும் பூஜ்யமும் ஏன் வர வேண்டும்? ‘மார்ஜின் ஃப்ரீ’ என்றால் என்னவென்று மைத்துனரைக் கேட்டேன். அவர் மளிகைக் கடைக்காரர். ‘மார்ஜின்னா லாபம் ஐயா. காப்பீட்டுத் திட்டத்துல ஏதோ இலவசம்னு போட்டிருக்காங்க’ என்றார். மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, தெரிந்த குடும்பத்து லேடி டாக்டர் ஒருவரிடம் போனோம். அந்தப் பெண் கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் விளங்க வைத்துவிட்டார். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியது; கழுத்திலிருந்து எடுத்துப் பார்த்த 22 நிணநீர் நெறிகளில் ஒன்றில்கூட நோயில்லை; வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன; ரிப்போர்ட்டின்படி இது முதற்கட்டந்தான். கிரேடு 3 என்பது கட்டியின் சுபாவம் முரட்டுத்தனமானது என்பதைச் சொல்லுகிறதே ஒழிய, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. முரட்டுச் சுபாவம் ஆகையால் அடிக்கடி பரிசோதனைக்குப் போக வேண்டும். கரண்ட் என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை அவசியமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரையே கேட்க வேண்டும் என்றார். அந்தப் பத்திரம் பதிவுக்குப் போகவில்லை. மனிதர் சொன்ன தவணைகளில் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். இந்த வருஷமும் அதே புஞ்சையில் மல்லாட்டை விதைத்திருக்கிறார்.

அந்த லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று சென்ட் மனையை ஒருவன் விற்பதாக இருந்தாலும், நாங்கள் எழுதிய பத்திரத்தை அவன் முன்னால் உரக்கப் படித்துக் காட்டுகிறோம். கைநாட்டு வைப்பவனாக இருந்தால், படிக்கச் சொல்லிக் கேட்டு ஒப்புக்கொண்டதாகப் பத்திரத்திலேயே எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்குகிறோம். கையகல மனைக்கே இத்தனை சம்பிரதாயம் இருக்க, ஒருவனுடைய உடம்பிலிருந்தே அறுத்தெடுத்த சதையைப் பற்றிய சாஸனம், அவனுக்குத் தெரியாத பாஷையில், அவனுக்குப் புரியாத குறிகளில், கவுண்ட்டரில் ஓர் உறையிலிட்டு அவன் கையிலேயே கொடுக்கப்பட்டு, அதை அவன் ஊர் ஊராகச் சுமந்து திரிகிறான் என்றால், அந்த விசித்திரத்தை என்னென்று சொல்வது! எங்கள் பத்திர நடையும் யோக்கியமானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்று எத்தனையோ ஆயிரம் தரம் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் பத்துப் பேருக்காவது அர்த்தம் விளங்கியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் படித்து முடித்தபின், ‘இனிமேல் இந்த நிலம் உனக்கில்லை; சம்மதந்தானே?’ என்று பச்சைத் தமிழில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். அந்த ஒரு வார்த்தைதான் பத்திரத்தின் உயிர். தங்கள் அறிக்கையில் அந்த வார்த்தையைத்தான் தேடுகிறேன்.

அறிக்கையே ஆங்கிலத்தில் இருக்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. இந்த ஜில்லாவின் நோயாளி ஒரே ஆஸ்பத்திரியில் நிற்பவனல்லன். இன்றைக்கு இவ்வூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நாளைக்கு வேலூர் சி.எம்.சி., அடுத்த மாதம் புதுச்சேரி ஜிப்மர், அல்லது காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, அல்லது சென்னை அடையாறு என்று பஸ் மாறிப் பஸ் ஏறுகிறவன். போகுமிடமெல்லாம் டாக்டர்கள் ஒரே அர்த்தத்தில் படிக்க வேண்டுமானால் ஒரே பரிபாஷைதான் வேண்டும். தங்கள் சிரமத்தையும் சற்றுக் கேட்டறிந்திருக்கிறேன். சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனத்தில் சீவி, நீலமும் ரோஜாவுமாகச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துத் தாங்கள் பார்க்கிறீர்கள். ‘ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும்’ என்று கவுண்ட்டரில் சொல்வது அலட்சியத்தினால் அல்ல என்பதை இப்போது அறிவேன். அத்தனை பாடுபட்டுக் கண்ட உண்மை, யாருடைய உடம்பின் உண்மையோ அவன் காதில் விழுகிற கடைசி அடியில் தவறிப்போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

எந்தெந்த வார்த்தைகளில் ஜனங்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்லுகிறேன். முதலாவது, பாசிட்டிவ், நெகட்டிவ் என்னும் இரட்டைச் சொற்கள். ‘நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று வந்த நல்ல செய்தியைக் கேட்டு, நெகட்டிவ் என்றால் கெட்டது என்று ஒரு தாய் தலையிலடித்துக்கொண்டு அழுததை நான் கண்டேன். அதற்கு நேர்மாறாக, மார்பில் கட்டி வந்த ஒரு பெண்மணி, ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்பதைப் பார்த்துவிட்டு வியாதி உறுதியாகிவிட்டதாக நடுங்கினார். வியாதி அதற்கு முந்தின வரியிலேயே உறுதியாகியிருந்தது. இந்தப் பாசிட்டிவ், ஹார்மோன் மாத்திரைக்கு அந்தக் கட்டி கட்டுப்படக்கூடும் என்னும் அனுகூலமான சமாசாரம் என்று அவருக்கு யார் சொல்வது?

இரண்டாவது, எண்கள். ‘2/14’ என்றால் 14 நெறிகளை எடுத்துப் பார்த்ததில் 2 நெறிகளில் நோய் இருந்தது என்பதுதான் பொருள். ஜனங்கள் அதைத் தேதி என்கிறார்கள், மார்க்கு என்கிறார்கள். புராஸ்டேட் சுரப்பி ரிப்போர்ட்டில் ‘கிளீஸன் 3+3=6’ என்று வந்தால், பத்துக்கு ஆறு என்று கணக்குப் போட்டு, பாதிக்கு மேல் போய்விட்டது என்று கிழவர்கள் கலங்குகிறார்கள்; இப்போதைய வழக்கில் புற்று என்று சொல்லப்படும் கட்டிகளில் ஆறுதான் மிகவும் சாதுவான எண் என்பதை அந்தக் காகிதம் அவர்களுக்குச் சொல்வதில்லை. மூன்றாவது, ‘டிஃபரன்ஷியேட்டட்’ என்னும் வார்த்தை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்களையே இது அதிகம் ஏமாற்றுகிறது. வித்தியாசப்பட்டது என்று அதற்கு அர்த்தம் செய்து, ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்றால் மிகவும் கெட்டுப்போனது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது, கட்டியின் அணுக்கள் தாம் பிறந்த குலத்தின் ஜாடையை இன்னும் இழக்கவில்லை என்று சொல்லும் நல்ல வார்த்தையாயிற்றே!

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘இன் சிட்டு’ என்பதை, நாற்றங்காலை விட்டு இன்னும் வெளியே வராதது என்றும், ‘இன்வேஸிவ்’ என்பதை வரப்பைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னால், அதற்கு மேல் ஓர் உழவனுக்கு வியாக்கியானம் தேவையில்லை. ‘மார்ஜின் ஃப்ரீ’ என்பதற்கு நான் சொல்லும் தமிழ், ‘நாலு பக்கச் செக்குபந்தியிலும் வில்லங்கம் இல்லை’ என்பது. நிணநீர்க் கணு என்று புத்தகத்தில் எழுதினாலும் எங்கள் பக்கத்தில் அது நெறிதான். நெறி கட்டிக்கொண்டது என்று சொல்லாத கிழவி இந்த ஜில்லாவில் இல்லை. மெழுகில் பதித்துத் தாங்கள் பாதுகாத்து வைக்கும் பிளாக்கை நான் மூலப்பத்திரம் என்பேன். வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர் அதைக் கேட்கக் கூடும் என்பதும், கேட்டால் பெற்றுக்கொண்டு போகலாம் என்பதும் தெரியாமல், மறுபடியும் சதை எடுக்க வேண்டுமோ என்று பயந்து இரண்டாம் அபிப்பிராயத்துக்கே போகாமல் நின்றுவிட்டவர்கள் உண்டு. நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயரே ‘புற்று’ அல்லவா? கறையான் மண்ணுக்கடியில் போய்க்கொண்டிருக்க, வெளியே தெரிவது ஒரு பாகந்தான் என்னும் தத்துவத்தை ஒரே சொல்லில் அடக்கிய பாஷைக்கு, கிரேடையும் ஸ்டேஜையும் பிரித்துச் சொல்லவா சக்தியில்லை?

இனி, தங்கள் தரப்பு ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். நோயாளிக்குத் தெரியக் கூடாதென்று குடும்பத்தாரே கெஞ்சுகிறார்களே என்று தாங்கள் கேட்கலாம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1949-ஆம் வருஷத் தொடக்கத்தில், ரமண மகரிஷியின் இடக்கையில் முழங்கைக்கருகே தோன்றியிருந்த சிறு கட்டியை எடுத்தார்கள். அது மறுபடி தலைகாட்டவே மார்ச்சு மாதத்தில் இரண்டாம் முறை அறுத்தெடுத்து ஆராய்ந்தபோது, ஸார்கோமா என்று தெரிந்தது. சருமத்திலும் உள்ளுறுப்புகளின் மேற்படலத்திலும் பிறக்கும் கார்சினோமாவைப் போலன்றி, சதை, கொழுப்பு, எலும்பு முதலிய தாங்கு திசுக்களில் பிறக்கும் ஜாதி அது. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொன்னார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. இந்த உடம்பே ஒரு வியாதி என்னும் கருத்துப்படப் பதில் சொல்லிவிட்டார். ரேடியம் சிகிச்சையும், ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு ஆபரேஷன்களும் நடந்து, 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு அவர் சித்தியடைந்தார். ஞானிகளுடைய தீர்மானத்தை சம்சாரிகளாகிய நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. சிகிச்சையை மறுப்பதற்கு அவரைத் திருஷ்டாந்தமாகக் காட்டுகிறவர்களோடு எனக்குச் சம்மதமும் இல்லை. நான் காண்பது வேறு. தமக்கு வந்திருப்பது இன்னதென்று அறிந்து, டாக்டர்கள் கேட்க, தம் வாயால் அவர் பதில் சொன்னார். அவருடைய ஊரிலேயே இன்றைக்கு ஒரு நோயாளியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் அவர் ஒருவருக்கு மட்டுந்தான் மறைக்கப்படுகிறது. மறைப்பவர்களுக்கும் அது சரியாகத் தெரிவதில்லை என்பதுதான், நான் மேலே சொன்ன விவசாயியின் கதை.

மறைத்தே தீர வேண்டிய காலமும் இது அல்ல. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மனத்தில் வைத்திருந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கே சேர்ந்து 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிய ஸ்தாபனமாக வளர்த்தார்கள். வந்தால் சாவுதான் என்றிருந்த ஒரு பெயரை, வைத்தியம் உள்ள வியாதியின் பெயராக மாற்றியது அந்தத் தலைமுறை. வைத்தியம் உண்டு என்றான பிறகு, நோயாளியின் அறியாமைக்குக் கருணை என்று பெயரிட நியாயம் ஏது? வேண்டாமென்று நோயாளியே சொன்னால் சொல்லாதிருக்கட்டும். அதுவும் அவர் வாயால் வரட்டும்.

அறிக்கை சர்ஜனுக்கு எழுதப்படுவது, விளக்க வேண்டியவர் அவர் என்பது இன்னொரு சமாதானம். நியாயந்தான். ஆனால் காகிதம் சர்ஜனிடம் போவதற்கு முன் நோயாளியின் மஞ்சள் பைக்குப் போகிறது. 2002-ஆம் வருஷத்து இந்திய மருத்துவ கவுன்சில் விதிகளும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற துணையாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. காகிதத்தைப் பெறும் பாத்தியதை இருக்கையில், அர்த்தத்தைப் பெறும் பாத்தியதை மட்டும் எப்படி இல்லாமற் போகும்? இந்தச் சங்கடம் நம் ஜனங்களுடைய படிப்பின்மையால் மட்டும் வருவதென்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 55 வயதுக்கு மேற்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்களிடம் புராஸ்டேட் பயாப்ஸி அறிக்கையின் மாதிரிகளைக் கொடுத்துப் பரீட்சித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். பல்கலைக் கழக ஆஸ்பத்திரியின் வழக்கமான அறிக்கையைப் படித்தவர்களில், அதில் புற்றுநோய் என்று சொல்லியிருப்பதைக் கண்டுகொண்டவர்கள் 100-க்கு 39 பேர்தாம். அதே விஷயத்தை எளிய வாக்கியங்களில் எழுதிக் கொடுத்தபோது 93 பேர் கண்டுகொண்டார்கள். இங்கிலீஷே நாட்டு மொழியாயிருக்கும் தேசத்திலேயே கதி இதுவானால், இங்கே நான் மேற்கொண்டு வாதாட வேண்டியதில்லை.

ஆகையால் என் விக்ஞாபனம் இதுதான். தங்கள் அறிக்கையோடு தமிழில் அரைப் பக்கம் சேர்த்துக் கொடுங்கள். எந்த இடத்திலிருந்து சதை எடுக்கப்பட்டது, அதில் புற்று இருக்கிறதா, இல்லையா, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையா, இருந்தால் அது வரப்பைத் தாண்டியதா, ஓரங்கள் சுத்தமா, எத்தனை நெறிகளைப் பார்த்ததில் எத்தனையில் நோய், சுபாவம் எத்தகையது என்பன அதில் இருக்கட்டும். சுபாவத்தைச் சொல்லும் வரிக்குக் கீழேயே, ‘கிரேடு என்பது ஸ்டேஜ் அன்று, ஸ்டேஜை ஸ்கேன் முதலியவற்றையும் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வார்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் நான் இரண்டு பக்கத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். இன்னும் வரவேண்டிய பரிசோதனை முடிவு ஏதேனும் இருந்தால் அதையும், பிளாக் எங்கே பத்திரமாயிருக்கிறது என்பதையும் கடைசியில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தரமும் புதிதாக எழுத வேண்டிய வேலையும் அல்ல. எங்கள் பத்திரங்களைப் போலவே முக்கால் பாகம் அச்சிலிருக்க, எண்களை மட்டும் நிரப்பினால் போதும். தமிழ் வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கையில் அகராதிக்காரர்களோடு கூட, கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் நர்ஸுகளையும் ஆயாக்களையும் கேளுங்கள். ஜனங்களின் காதுக்கு எந்தச் சொல் ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அரைப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு மட்டும் காலியாக விட்டுவைக்க வேண்டுகிறேன். படிக்கச் சொல்லிக் கேட்டேன், விளங்கிற்று என்று நோயாளி கையெழுத்திடவோ, பெருவிரலை அழுத்தவோ அந்த இடம் வேண்டும். விளங்கவில்லை என்றால் அது காலியாகவே இருக்கும். அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு, இங்கே ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்பது தெரிந்துபோகும்.

இப்படிக்கு,
தங்கள் நன்மதிப்பை நாடும்,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தன்